பஞ்சவர்ணம் அக்கா கொண்டுவந்த பன்னிரண்டு பிளக்குகள்

பஞ்சவர்ணம் அக்கா சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் காலமானார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். நான் அப்போது கடையில் டீசல் ஃபில்டர் பெட்டிகளைப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தேன். செல்போனில் அவருடைய வீட்டுக்காரர் சுப்பையா அண்ணன் பேசினார்.

"தம்பி, ஒங்க அக்கா போயிட்டா."

அவரே தொடர்ந்தார். "கடையைச் சாத்திட்டு ஓடிவர வேணாம். யாவாரத்தை முடிச்சுட்டு மெதுவா வாங்க. அவ இருந்தா அதைத்தான் சொல்லுவா."

உண்மைதான், அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் நான் கடையைச் சாத்தினேன். ராமநாதபுரத்தில் கடை போட்ட இத்தனை வருஷத்தில், வேலை நாளில் பகலில் நான் ஷட்டரை இறக்கியது அது மூன்றாவது முறை. முதல் இரண்டும் என்னைப் பெற்றவர்களுக்கு.

இந்த நினைவு மலரைப் படிக்கப் போகிற பலருக்கு அக்காவை என்னைவிட நன்றாகத் தெரியும். கடலாடிக்கு மேற்கே நாலைந்து ஊரில் அவருடைய டிராக்டர் உழாத நிலம் குறைவு. கறாரான பெண்மணி, வாக்குத் தவறாதவர் என்று நானும் எழுதினால் தெரிந்ததையே திருப்பிச் சொல்வதாகும். எனக்கும் அவருக்கும் நடுவில் நடந்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன். அதில் தப்பு என் பக்கம். வியாபாரி தன் தப்பை அச்சில் போடுவது வழக்கமில்லை. ஆனால் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு அதை விட்டுவிட்டால், மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை.

என் கடை அப்போது எட்டடி அகலம். மதுரையில் ஃபேன் பெல்ட்டும் பல்பும் வாங்கி, சாக்கில் கட்டிப் பஸ் கூரையில் போட்டுக் கொண்டுவந்து விற்ற காலம். அக்கா முதல் தடவை வந்தது ஒரு ஃபேன் பெல்ட்டுக்கு. கடைகளில் ஆண்கள்தான் டிராக்டர் சாமான் கேட்டு வருவார்கள். இவர் தனியாக வந்து, மேலே தொங்கிய பெல்ட்டை இறக்கச் சொல்லி, உட்புறத்தை வெளியே மடக்கி வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு விரலைத் தேய்த்து என்னிடம் காட்டினார்.

"எத்தனை மாசமா இங்கன தொங்குது?"

"புதுசுக்கா. போன வாரந்தான் வந்தது."

"போன வாரம் வந்ததுக்கு மேல இம்புட்டுத் தூசியா? தூசியும் மதுரையில இருந்து சேர்த்துத்தான் வருதா தம்பி?"

உள்ளே இருந்த பெட்டியைப் பிரித்து வேறு பெல்ட் கொடுத்தேன். அன்றிலிருந்து எங்கள் பழக்கம். அவர் தம்பி என்றார், நான் அக்கா என்றேன். அந்த மரியாதை பேரத்தில் ஒரு ரூபாயைக்கூடக் குறைத்ததில்லை.

சுப்பையா அண்ணன் அப்போது பட்டாளத்தில் இருந்தார். அவர் அனுப்பிய பணத்தைச் சேர்த்து, எங்கிருந்தோ கைமாறி வந்த வெளிநாட்டு டிராக்டர் ஒன்றை அக்கா வாங்கியிருந்தார். நீலச் சாயம் வெளுத்து, எந்தக் கம்பெனி என்று எழுத்தே அழிந்துபோன வண்டி. சொந்த நிலம் பன்னிரண்டு ஏக்கர். அது போக, அக்கம்பக்கத்து விவசாயச் சம்சாரிகளுக்கு வாடகைக்கு உழுது கொடுத்தார். வண்டியை ஓட்டியது சேது. அக்காவுடைய ஒன்றுவிட்ட அக்கா மகன். அவரைச் சித்தி என்று கூப்பிடுவான். அப்போதே கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருந்தன.

டிராக்டர் வைத்திராதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அமுக்கி அமுக்கி வருகிற சூட்டில்தான் டீசல் பற்றும். அந்தப் பழைய வண்டிகளுக்குக் காலையில் அந்தச் சூடு போதாது. அதற்காக ஒவ்வொரு சிலிண்டரிலும் விரல் நீளத்துக்கு ஒரு ஹீட்டர் பிளக் இருக்கும். சாவியைத் திருப்பிப் பிடித்தால் பிளக்கின் முனையில் உள்ள கம்பி சிவக்கும். அப்புறம் ஸ்டார்ட் எடுக்க வேண்டும். அக்கா வண்டியில் நாலு பிளக். நாலையும் ஒரே வயரில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். கோர்வையின் முன்னால், ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேரே டாஷ்போர்டில் ஒரு சின்னக் கம்பிச்சுருள் இருக்கும். அது சிவந்தால் உள்ளே பிளக்கும் சிவந்துவிட்டது என்று அடையாளம்.

அந்தச் சுருளின் மூடியில்தான் சேது தன் தூக்குவாளியை மாட்டுவான். கஞ்சி நிறைந்த தூக்குவாளி வரப்புக்கு வரப்பு ஆடி ஆடி, ஒருநாள் சுருள் உடைந்து கையோடு வந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தான். என்னிடம் அந்தச் சாமான் இல்லை. இல்லை என்று சொன்னால் எதிர்க்கடைக்குப் போவான். அதனால் நான் சொன்னேன்.

"இது சும்மா அடையாளத்துக்குத்தாம்ப்பா. இது இல்லாட்டி வண்டி ஓடாதா? ஸ்விட்சுல இருந்து முத பிளக்குக்கு நேரா ஒரு வயரைக் குடுத்துரு."

சொல்லிவிட்டு மூன்று முழம் வயர் விற்றேன். சேது அப்படியே செய்தான். சுருளும் அதை ஒட்டி உள்ளே இருந்த இன்னொரு சுருளும் கோர்வையிலிருந்து கழன்றன.

அது ஆவணி மாதம். பத்து நாளில் பிளக் போய்விட்டது என்று வந்தான். அந்த வண்டிக்கான பிளக் பெட்டி என்னிடம் கொஞ்சம் இருந்தது. மதுரையில் ஒருவர் கடையைக் காலி செய்தபோது மலிவாகக் கிடைத்த சரக்கு. "செட்டாத்தான் மாத்தணும், பழசைக் குப்பையில போடுங்க" என்று சொல்லி நாலும் கொடுத்தேன். எட்டு நாளில் மறுபடி வந்தான். மறுபடி நாலு. மூன்றாவது தடவை அக்காவே வந்தார். "ஏன் தம்பி இப்பிடிப் போகுது?" என்று கேட்டார். எனக்குக் காரணம் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை.

"டிரைவர் கைதான் காரணம்க்கா. ரொம்ப நேரம் புடிச்சுக்கிட்டே இருந்தா எரிஞ்சுபோகும். இருபது எண்ணுனதும் விடச் சொல்லுங்க."

ஒரு ஆளின் பிழைப்பின் மேல் இப்படித்தான் நான் கையை வைத்தேன். அக்கா மூன்றாவது செட்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், தினமும் காலையில் டிராக்டர் பக்கத்தில் நின்று தானே எண்ணியிருக்கிறார். இருபது, பிறகு பதினைந்து, பிறகு பத்து. மூன்றாவது செட்டும் போனது.

பிளக் இல்லாமல் அத்தனை நாளும் வண்டி எப்படி ஓடியது என்று கேட்பீர்கள். நம் பக்கத்து டிராக்டர்காரர்கள் எல்லோரும் செய்வதைத்தான் சேதுவும் செய்தான். வேலை முடிந்ததும் வண்டியைக் கண்மாய்க்கரையில் ஏற்றி, சரிவைப் பார்த்து நிறுத்திவிடுவான். காலையில் கியரைப் போட்டுச் சரிவில் உருட்டிவிட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். நம் சீமையில் மேடு என்று சொல்ல அதை விட்டால் வேறு என்ன இருக்கிறது? சும்மா கிடக்கிற கரை பாட்டரிக்கும் பிளக்குக்கும் சேர்த்து வேலை செய்தது. அதனால்தான் வண்டிக்கு என்ன நோய் என்று யாரும் பார்க்கவில்லை.

புரட்டாசி பிறந்ததும் ஊர்த் தலைவரான அம்பலம் வந்து அக்காவிடம் சொல்லிவிட்டார். "இந்தா பாரு பஞ்சவர்ணம், ஒன் டிராக்டரு ஏறி எறங்கிக் கரையில வாய்க்காலே விழுந்துபோச்சு. தண்ணி வாற நேரம். வெள்ளிக்கெழமையோட வண்டியைக் கீழ எறக்கிப்புடணும். அப்பறம் கரையில பாத்தேன், ஊரைக் கூட்டிருவேன்." அவர் சொன்னது நியாயம். கரை உடைந்தால் தண்ணீர் போய்விடும்; ஊருக்கே கண்மாய் ஒன்றுதான்.

அக்காவின் கதியை நினைத்துப் பாருங்கள். அது கரிசல் காடு. மழைக்கு முன்னால் காய்ந்த மண்ணை உழுது புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட வேண்டும். மழை இறங்கிவிட்டால் டிராக்டர் சக்கரம் உள்ளே போகாது. அந்த வருஷ வெள்ளாமை அவ்வளவுதான். சொந்தப் பன்னிரண்டு ஏக்கர் போக, நாற்பது ஏக்கருக்கு உழுது தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அவரை நம்பி அந்தச் சம்சாரிகள் வேறு வண்டி சொல்லவில்லை. கரையை விட்டு இறங்கினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

புதன்கிழமை பகல் பத்து மணி இருக்கும். அக்கா கடைக்கு வந்தார். பின்னால் சேது. அவன் முகத்தைப் பார்த்தபோதே வழியெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்று தெரிந்தது. அக்கா மஞ்சள் பையை மேசைமேல் கவிழ்த்தார். பன்னிரண்டு பிளக்குகள் உருண்டன.

"மூணு செட்டு. எல்லாம் ஒங்க கடைச் சரக்கு. இவன் கையின்னு சொன்னீங்க. நான் பக்கத்துல நின்டு எண்ணுனேன். இப்ப எந்தக் கையின்னு சொல்லுங்க."

"சரக்குல கொறை சொல்லாதீங்கக்கா. எல்லாம் வெளிநாட்டுப் பிளக்கு."

"வெளிநாட்டுப் பிளக்கு ஒள்நாட்டுல எரிய மாட்டேங்குதோ?"

கடையில் வேறு இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சிரித்துவிட்டார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சரக்கு நல்லது என்று எல்லோர் முன்பாகவும் காட்டிவிடுவோம் என்று, அலமாரியிலிருந்து புதுப் பிளக் ஒன்றைப் பிரித்தேன். கடையில் இருந்த பன்னிரண்டு வோல்ட் பாட்டரியில் ஒரு வயரைப் பிளக்கின் உடம்பிலும் ஒரு வயரைத் தலையிலும் வைத்தேன். "பாருங்க, எப்பிடிச் செவக்குது!"

சிவக்கவில்லை. வெள்ளையாக ஒரு மின்னல். டப்பென்று ஒரு சத்தம். முனைக் கம்பி உருகி விழுந்துவிட்டது. புதுப் பிளக் என் கையிலேயே செத்தது.

எதிர்க்கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். அக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தப் பிளக்கை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு மேசைமேல் கிடந்த பன்னிரண்டில் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதிலும் முனை அப்படியேதான் உருகியிருந்தது.

"ஏலே சேது. நம்ம கோயில் திருவிழாவுக்கு சீரியல் செட்டுக் கட்டுவாகள்ல, அதுல ஒரு பல்பு போனா என்ன ஆகும்?"

"ஒரு வரிசையே அணைஞ்சுரும் சித்தி."

"அந்த லைட்டுக்காரன் என்ன செய்வான்?"

"போன பல்பைக் கழட்டிட்டு வயரை ஒட்டி முறுக்கி விடுவான். மறுபடி எரியும்."

"அப்பிடி நாலஞ்சு பல்பைக் கழட்டுனா?"

சேது யோசித்தான். "மிச்சம் இருக்கிறது பளிச்சுன்னு எரிஞ்சு, ஒண்ணு மாத்தி ஒண்ணு பொட்டுப் பொட்டுன்னு போயிரும். போன வருசம் அப்பிடித்தான் போச்சு."

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, இந்தக் கோர்வையில முன்னாடி இருந்து இப்ப இல்லாதது எது?"

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. சேதுவுக்கும் தெரிந்தது. அவன் என்னைப் பார்த்தான், வாயைத் திறக்கவில்லை. நான் சொல்லட்டும் என்று விட்டான் போலிருக்கிறது. அத்தனை நாளும் அவன்மேல் பழியைப் போட்ட ஆள் நான். நான் என்ன செய்தேன் தெரியுமா? பெட்டியை எடுத்து அதில் எழுதியிருந்ததைப் படிப்பது போலக் குனிந்துகொண்டேன். அதில் ஒன்றே முக்கால் வோல்ட் பக்கம் ஏதோ எண் போட்டிருந்தது. ஒரு பிளக் தாங்குவது அவ்வளவுதான். இத்தனை நாளும் நான் அந்தப் பெட்டியில் பார்த்தது விலையை மட்டும்தான்.

"அந்தச் சுருள்தான்க்கா," என்றேன். "டாஷ்போர்டுல இருந்த சுருள். அது அடையாளத்துக்கு மட்டும் இல்ல போல. வாற கரண்டுல ஒரு பங்கை அதுவும் வாங்கிக்கிட்டிருந்திருக்கு. அதைக் கழட்டுனதும் பூராவும் பிளக்கு மேல எறங்கிருச்சு."

"கழட்டச் சொன்னது யாரு?"

"நாந்தான்."

அக்கா என் மேசையில் இருந்த டார்ச் லைட்டை எடுத்தார். அதன் பாட்டரியையும் பல்பையும் கழற்றி, ஒரு துண்டு வயர் கேட்டார். நான் கொடுத்தேன், இந்த முறை காசு வாங்காமல். பாட்டரி, பிளக், பல்பு மூன்றையும் வரிசையாகத் தொடவைத்தார். கம்பி அறாத பிளக் என்றால் பல்பு எரிய வேண்டும். ஒவ்வொன்றாகப் பன்னிரண்டையும் பார்த்தார். ஏழு பிளக்குக்குப் பல்பு எரிந்தது.

கோர்வையில் ஒன்று அறுந்தாலே நாலும் அணையும். ஆனால் செட்டுக்கு அறுந்தது ஒன்றோ இரண்டோதான். மிச்சத்தையும் சேர்த்துச் செட்டாக மாற்றச் சொல்லி விற்றது நான்.

"ஏழு உசுரோட இருக்கு தம்பி. குப்பையில போடுங்கன்னு சொன்னீங்க." அவர் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பிளக்கு எனக்கு இருக்கு. சுருளு வேணும். வெள்ளிக்கெழமைக்குள்ள."

மறுநாள் முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனேன். புதுச் சுருள் எந்தக் கடையிலும் இல்லை. பழைய இரும்புக் கடைகளில் தேடினேன். உச்சி வெயிலில், அறுத்துப் போட்டிருந்த அதே வகை வண்டி ஒன்றின் டாஷ்போர்டு கிடைத்தது. சுருளும் துணைச் சுருளும் அதோடு இருந்தன. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து விலையை ஏற்றினார். என் அவசரம் அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் அவரிடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பேரம் பேசாமல் வாங்கினேன்.

சாயங்காலம் அக்கா ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது வண்டி கரைமேல் நின்றது. சுருளைக் கோர்வையில் சேர்த்தோம். ஏழில் நல்லதாக நாலைப் போட்டோம். சேது சாவியைத் திருப்பப் போனான். அக்கா தடுத்தார்.

"இங்கன வேணாம். கரையில உருட்டி விட்டாலே ஸ்டார்ட் ஆகும். உருட்டிக் கீழ கொண்டாந்து களத்துல நிறுத்து. விடிய வரைக்கும் ஆறட்டும். சமதரையில, ஆறுன எஞ்சின்ல ஸ்டார்ட் ஆனாத்தான் இவரு சொன்ன காரணம் சரி."

வெள்ளிக்கிழமை காலையில் களத்தில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். உழவுக்குச் சொல்லியிருந்த சம்சாரிகள், அம்பலம், நான். கிழக்கே கடல் பக்கம் மேகம் அடைத்துக்கொண்டு வந்தது. சேது ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பிப் பிடித்தான். அக்கா எண்ண ஆரம்பித்தார். எட்டு எண்ணும்போது சுருளில் மெல்லிய சிவப்பு. பதினைந்தில் பழுத்த மிளகாய் போல ஆனது. இருபதில் சேது ஸ்டார்ட் எடுத்தான். எஞ்சின் இரண்டு தடவை கமறியது. மூன்றாவதில் பிடித்தது. புகைபோக்கியிலிருந்து வெள்ளைப் புகை வந்து, பின் கறுத்து, பிறகு நின்றது.

யாரோ குலவை போட்டார்கள். அக்கா கையைத் தூக்கி எல்லோரையும் அமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி ஒண்ணு சொல்லணும்னு வந்திருக்காரு."

நான் எதுவும் சொல்ல வரவில்லை. ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். சேதுவின் கையில் குறையில்லை, சுருளைக் கழற்றச் சொன்னது நான், காரணம் தெரியாமல் அவன்மேல் போட்டது நான் என்று எல்லோர் முன்பும் சொன்னேன். அம்பலம் ஒரு கணம் என்னை முறைத்தார். பிறகு, "அப்ப அந்தத் தூக்குவாளிக்குத்தான் அவராதம் போடணும்," என்றார். சேது சிரித்தான். அவன் சிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது என்று அக்கா பின்னால் சொன்னார்.

சேது வண்டியை விட்டு இறங்காமல் உழுதான். பதினோராம் நாள் மழை இறங்கிவிட்டது. வாக்குக் கொடுத்த நாற்பது ஏக்கரும் முடிந்திருந்தது. சொந்த நிலத்தில் மட்டும் மூன்று ஏக்கர் விதைக்காமல் கிடந்தது. அடுத்தவர் நிலத்தை முதலில் முடிக்கச் சொன்னது அக்காதான். நான் சொன்ன ஒரு வார்த்தையால் அந்த வருஷம் அந்த மூன்று ஏக்கரில் கோரைதான் முளைத்தது.

மழை விட்டு ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்தார். பன்னிரண்டு பிளக்கின் விலையையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் தொடவில்லை.

"இதை வாங்குனா இத்தோட முடிஞ்சுபோகும் தம்பி. நான் முடிக்க வரல. எனக்கு இன்னும் எத்தனையோ வருசம் சாமான் வாங்கணும்."

"வேற என்ன செய்யணும்னு சொல்லுங்கக்கா."

அப்போதுதான் அவர் அந்த ஏற்பாட்டைச் சொன்னார். அதைக் கடைசியில் எழுதுகிறேன். அன்றிலிருந்து கடையை நடத்திய விதமே மாறிவிட்டது. என் வியாபாரம் அந்த எட்டடியிலிருந்து இன்றைக்கு இருக்கிற அளவுக்கு வளர்ந்ததற்குக் காரணம் என் சாமர்த்தியம் என்று பலர் சொல்வார்கள். நானும் மறுத்ததில்லை. இன்றைக்கு மறுக்கிறேன்.

அந்த ஏற்பாட்டை அக்கா எனக்கு எதிராகவும் பயன்படுத்தினார். ஒரு கோடையில் வண்டியை வாலிநோக்கத்துக்கு உப்பு ஏற்ற வாடகைக்கு விட்டிருந்தார். இரண்டே மாதத்தில் சுருள் சிவக்காமல் போனது. கடைக்கு வந்தவர் பிளக்கைக் கொண்டுவரவில்லை. பாட்டரியிலிருந்து வண்டி உடம்புக்குப் போகிற எர்த் பட்டையைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். பச்சையாகப் பூத்து, தொட்டால் உதிர்ந்தது.

"என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

நான் புரட்டிப் பார்ப்பதற்குள் அவரே சொன்னார். "உப்புக் காத்து. பட்டை அரிச்சுப்போச்சு, கரண்டு பாதியிலேயே நின்டுருது. பிளக்குல கொறையே இல்ல. காரணம் நான் சொல்லிட்டேன். அப்ப அந்த ஒரு ரூவா எனக்கு."

பட்டையின் விலையில் ஒரு ரூபாய் குறைத்துத்தான் வாங்கிப் போனார். போகும்போது, "உப்பு ஏத்துற வண்டிக்காரங்க வந்தா இதைச் சொல்லுங்க. அவுககிட்ட அந்த ரூவாயை நீங்க வாங்கிக்கிரலாம்," என்றார். சொன்னேன். வாங்கினேன். வாலிநோக்கத்துப் பக்கமிருந்து இன்றைக்கு வரும் வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்.

பின்னாளில் சுப்பையா அண்ணன் ஓய்வுபெற்று வந்தார். புது டிராக்டர் வாங்கினார்கள். அதற்கு ஹீட்டர் பிளக்கே கிடையாது. பழைய நீல வண்டியை விற்கச் சொல்லி நானே ஆள் கொண்டுபோனேன். நல்ல விலை. அக்கா கேட்கவில்லை. "அது என்கிட்ட எதையும் மறைச்சதில்ல தம்பி. எது போனாலும் முகத்துல காட்டிரும்," என்றார். அப்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் காபி கேட்டேன்.

அக்காவை எடுத்த அன்று நீல வண்டி வீட்டுக்கு வெளியே சமதரையில் நின்றது. அதை யாரும் சரிவில் நிறுத்துவதில்லை. வந்தவர்கள் அதன் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மூன்று நாள் கழித்துச் சேது கடைக்கு வந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. மேசைமேல் ஒரு பிளக்கை வைத்தான். அவன் என்ன எதிர்பார்க்கிறான் என்று எனக்குத் தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கம்பி உருகவில்லை. முனையில் கரி அடையாக மூடியிருந்தது. கரிக்குள் டீசல் ஈரம்.

"கரண்டு காரணம் இல்லப்பா. டீசல் தெளிக்கிற நாசில் ஒழுகுது. அதைப் பாக்காம இதை மாத்துனா இதுவும் போகும்."

"சித்தியும் அப்பிடித்தான் சொன்னாக. போறதுக்கு ரெண்டு நாளைக்கு முந்தி. ஒங்ககிட்டக் கேட்டு வரச் சொன்னாக, சரியாச் சொல்றீகளான்னு."

புதுப் பிளக்கை எடுத்துக் கொடுத்தேன். இந்தக் காலத்தில் அதைத் தேடி வைத்திருக்கிற கடை இந்த ஜில்லாவில் என் கடை ஒன்றுதான். சேது பணத்தை வைத்தான், தனியாக ஒரு ரூபாய் நாணயத்தையும் வைத்தான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா இருந்தால் ஏசியிருப்பார். எடுத்துக் கல்லாவில் போட்டேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஏற்பாடு ஒன்றுதான். அவர் அன்று மேசையைத் தட்டிச் சொல்லி, நான் தலையாட்டி ஒப்புக்கொண்டபடியே இங்கே எழுதுகிறேன். என் கடையில் அது இன்றும் எல்லோருக்கும் ஒன்றுதான். பழைய சாமானை மேசையில் வைக்க வேண்டும். அது ஏன் போனது என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால் பெட்டியில் போட்ட விலை, அதற்கு மேல் காரணத்துக்கு ஒரு ரூபாய். சொல்லத் தெரியாவிட்டால் விற்கக் கூடாது.